கொண்டல் வந்தாள்

தூத்துக்குடியில் இறங்கியதும் ஊர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "எந்த மாதா கோயிலு?"

ஆட்டோக்காரரிடம் நான் சொன்ன விடுதி விலாசம், "மாதா கோயில் பக்கத்துத் தெரு." மலேசியாவில், எங்கள் ஈப்போவில் அப்படிச் சொன்னால் வண்டி நேராகப் போய் நிற்கும். இங்கே அவர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். "ஊரு பூரா மாதா கோயிலுதாம்மா. நீங்க எதச் சொல்லுதிய?" நானும் விடாமல், பழைய கோயில் என்றேன். எல்லாமே பழசுதானாம். சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் தைரியமாகக் கிளம்பினோம். உப்பளத்தைப் பார்த்தோம். மழை வரப்போகிறது என்று தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியல்களைப் பார்த்தோம். மாப்பிள்ளையூரணி வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். ஆட்டோக்காரர் பெயர் சுடலை. விடுதி வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, "நாளைக்கும் நானே வாரேன், உங்களத் தனியா விட்டா சரிப்படாது" என்றார். முதல் நாளே ஊர் என்னைச் சரியாக எடை போட்டுவிட்டது.

என் கைப்பையில் ஆறு கடிதங்கள் இருந்தன. அவற்றைக் கொடுக்கத்தான் கடல் தாண்டி வந்தேன். ஆனால் வாங்கிக்கொள்ள வேண்டியவர், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குக் காரணமும் நான்தான்.

முப்பது வருஷம் ஈப்போவில் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பழைய கையெழுத்து எதைக் கண்டாலும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவேன். உயில், கல்யாணக் கடிதம், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் நாட்குறிப்பு, எதுவும் தப்பாது. அப்படி ஒரு நாள் எங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னிலேயே கை வைத்தேன். உள்ளே இந்த ஆறும் இருந்தன.

ஜப்பான்காரன் காலத்தில் என் தாத்தா ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சாப்பிட வந்த ஒரு சிப்பாய், "எழுதினவன் செத்துட்டான், ஊரில் சேர்த்துவிடுங்கள்" என்று இவற்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அப்போது தபால் இல்லை. தபால் மறுபடி வந்தபோது மேலுறையில் ஈரம் பட்டு, தூத்துக்குடி என்பதைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. தாத்தா டின்னில் போட்டார். அப்பா டின்னைப் பத்திரமாக வைத்தார். மூன்று தலைமுறையாகத் தபால் போடாத குடும்பம் எங்களுடையது.

எழுதியவர் பெயர் இன்னாசி. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். கடிதமெல்லாம் மனைவி செலினுக்கு. செலினின் அப்பா குருஸ் ஒரு தண்டல், அதாவது சரக்குத் தோணிக்குத் தலைவர். இவ்வளவையும் படித்தெடுத்து, தூத்துக்குடிக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒரு முகநூல் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ரெக்ஸ் என்பவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. "செலின் எங்கம்மாவைப் பெத்தவங்க. அம்மா பேரு பிலோமினா. அவங்க பொறக்கதுக்கு முன்னாலயே அவங்க அப்பா பட்டாளத்துக்குப் போயிட்டாரு."

அந்த வீட்டில் இத்தனை காலமும் நம்பிவந்தது வேறு. சண்டை முடிந்து திரும்பிய யாரோ ஒருவர், இன்னாசி மலாயாவில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அதோடு செலின் அந்தப் பேச்சையே மூடிவிட்டார். கல்லறைத் திருநாள் வந்தால் கடற்கரை ஊர்களில் இறந்துபோன ஒவ்வொருவருக்கும் மெழுகுவத்தி எரியும். இன்னாசிக்கு மட்டும் எரிந்ததில்லை. எங்கோ உயிரோடு இருக்கிறவருக்கு எதற்கு மெழுகுவத்தி?

அவர் அப்போதே செத்துவிட்டார் என்று நான் போனில் சொன்னதும் பிலோமினா அழுதாராம். சந்தோஷ அழுகை என்று ரெக்ஸ் சொன்னார். எண்பது வயதுக்கு மேல் அப்பா திரும்பக் கிடைத்தார். சாமியாரிடம் பூசைக்குச் சொல்லியாயிற்று, இந்த வருஷம் முதல் மெழுகுவத்தி என்று முடிவாயிற்று. நான் இருப்புக்கொள்ளாமல் விமானச் சீட்டு வாங்கினேன்.

பிறகுதான், தேய்ந்திருந்ததால் ஒதுக்கிவைத்த நாலாவது கடிதத்தைப் படித்தேன்.

இன்னாசியின் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புள்ளி வைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. வரி முடிந்ததா இல்லையா என்று நாமாக ஊகிக்க வேண்டும். லகரம் வர வேண்டிய இடத்தில் தாராளமாக ளகரம் போடுவார். "காளையில் கஞ்சி குடித்தேன்" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். மாட்டுக்குள் எப்படிக் கஞ்சி என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். காலையில்! இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

நாலாவது கடிதத்தில் நான் படித்தது இது. எந்த ஊரில் இருக்கிறேன் என்று எழுதக் கூடாதாம், உத்தரவு. ராவில் கொண்டல் வந்தாள், நல்ல உறக்கம். கொண்டலுக்குக் கடல் வாசம், நம்ம ஊரைப் போல. கச்சானுக்குக் காட்டு வாசம். மாமாவிடம் சொல்லு, அவருக்கு விளங்கும். கடைசி வரி: பிள்ளை பிறந்தாள், கொண்டல் பக்கம் தொட்டில் கட்டி... அந்தக் கடைசி எழுத்து மடிப்பில் தேய்ந்துபோயிருந்தது.

கொண்டல் என்றால் மேகம். இலக்கியத்தில் எத்தனை இடத்தில் நடத்தியிருக்கிறேன்! கருகருவென்று கூந்தல் உள்ள ஒரு பெண்ணுக்கு அவர் வைத்த செல்லப் பெயர் என்று எனக்குப் பட்டது. கடல் வாசம் அடிக்கிறதே, மீன் பிடிக்கிற வீட்டுப் பெண்ணாக இருக்கும். கச்சான் யாரோ குளிக்காத கூட்டாளி. ஊர்ப் பேச்சு உண்மைதான், அவளுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்து தொட்டிலும் கட்டியாயிற்று. இதை மாமனாரிடம் வேறு சொல்லச் சொல்கிறாரே, என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்கு வந்த கோபத்தில் பூதக்கண்ணாடியைத் தூக்கி வைத்துவிட்டேன்.

மறைப்பது தர்மமில்லை என்று ரெக்ஸுக்கு எழுதினேன். நாலாவது கடிதத்தில் ஒரு பெண் வருகிறாள், ஒரு குழந்தையும் வருகிறது, பெயரைச் சொல்ல விரும்பவில்லை என்று நாசூக்காக. போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார். மூலத்தையே கையில் தருகிறேன் என்று வீம்பு பிடித்தேன். மறுநாள் பதில் வந்தது. பூசை வேண்டாம், மெழுகுவத்தி வேண்டாம், கடிதமும் வேண்டாம். நீங்கள் வரலாம், சாப்பிடலாம்.

முதல் நாள் சாயங்காலம் சோகத்தில் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கினேன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் மட்டும்தான், வாயில் போட்டால் கரைந்து காணாமல் போகிறது. ஊருக்குக் கொண்டுபோக என்று வாங்கிய பெட்டி விடுதி அறையைத் தாண்டவில்லை.

மறுநாள் மத்தியானம் ரெக்ஸ் ஸ்கூட்டரில் வந்தார். வழுக்கை, இஸ்திரி போட்ட சட்டை, இடைவிடாத போன். "டீச்சர், ஒரு கண்டிஷன். லெட்டர் வீட்டுக்குள்ள வராது. டிக்கியிலயே இருக்கட்டும்." அப்படியே ஆயிற்று. இன்னாசியின் ஆறு கடிதங்களும் தெருவில் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் பூட்டிக் கிடக்க, நான் மட்டும் உள்ளே போனேன்.

பிலோமினா குட்டையான மனுஷி, தடித்த கண்ணாடி. வாசல் பக்கமாக உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாளா டீச்சர். மலேசியாவுல சோறு கெடைக்காதோ, இப்படி மெலிஞ்சி கெடக்கே?"

அறுபத்தொரு வயதில் என்னை ஒருவர் வாடி போடி மாதிரி ளா போட்டுக் கூப்பிட்டது எனக்கு என்னவோ பிடித்திருந்தது. மெலிவு என்றதும் பிடித்திருந்தது. ஈப்போவில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சீலா மீன் குழம்பு. புளியும் தேங்காயும் சரிக்குச் சரி. எங்கள் ஊரில் மீன் குழம்பு என்றால் வெண்டைக்காய், தக்காளி எல்லாம் ஊர்வலம் போகும். இங்கே மீன் மட்டும்தான், அதற்கு மரியாதை கொடுத்து மற்றதெல்லாம் ஒதுங்கி நிற்கிறது. நான் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், இரண்டு தடவையும் இலையில் ஒரு துண்டு விழுந்தது.

"தின்னுளா. மீனுக்கும் கடுதாசிக்கும் சம்மந்தமில்ல."

கடைசியில் அவரே பேசினார். "ஒன்னயக் குத்தஞ் சொல்லல. நீ படிச்சதச் சொன்ன. நீ மொதல்ல போன் பண்ணி அவுக செத்துட்டாகன்னு சொன்னேல்லா, அன்னைக்கு எங்கம்மா கல்லறையில போயி நின்னு சொன்னேன், எம்மா, அப்பா நம்மள விட்டுட்டுப் போகலன்னு. இப்பப் போயி என்னன்னு சொல்ல? நான் சொன்னது பொய்யின்னா?" இறால் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவு நல்ல மீன் அதற்கு மேல் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. அன்றுதான் கல்லறைத் திருநாள். மறுநாள் எனக்கு விமானம். கடலையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று சுடலையிடம் சொன்னேன். அவர் திரேஸ்புரத்துக்கு ஓட்டினார். படகுகள் வரிசையாக நின்றன. முத்துக் குளித்த கடல் இதுதான் என்று சுடலை பெருமையாகக் காட்டினார். இப்போது முத்து இல்லை, சங்கு குளிக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகவில்லை. சேசு என்று ஒரு சங்குகுளிக்காரர், நாற்பது வயது இருக்கும், கயிற்றைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குத் திருநாளுன்னு லீவா?" என்று சுடலை கேட்டார்.

"திருநாளும்தான் அண்ணாச்சி. அதோட கொண்டல் வந்துட்டுல்லா. இனி தண்ணி கலங்கிரும், உள்ள போனா கையி தெரியாது."

நான் அப்படியே நின்றேன்.

"யாரு வந்துட்டா?"

"கொண்டல்க்கா."

"யாரு அந்தக் கொண்டல்?"

சேசு சுடலையைப் பார்த்தார். சுடலை, நான் என்ன செய்ய என்கிற மாதிரி சேசுவைப் பார்த்தார்.

"காத்துக்கா! கெழக்கருந்து வார காத்து. கடக்காத்து. இந்தா மூஞ்சில அடிக்கில்லா, இதான். மேக்கருந்து தரைப் பக்கமா வந்தா அது கச்சான்."

கச்சான்! குளிக்காத கூட்டாளி!

நான் போட்ட கூச்சலில் இரண்டு நாய்கள் எழுந்து போயின. கைப்பையைத் திறந்து, ரெக்ஸ் திருப்பிக் கொடுத்திருந்த நாலாவது கடிதத்தை எடுத்தேன். எடுத்தேனோ இல்லையோ, கொண்டல் அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. பிளாஸ்டிக் உறையோடு மணலில் உருண்டு தண்ணீரைப் பார்த்து ஓடியது. நான் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓட, சேசு இரண்டே எட்டில் போய் அதைக் காலால் மிதித்தார். இன்னாசி மன்னிக்க வேண்டும், எனக்கு அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

படகில் சாய்ந்துகொண்டு படித்தேன். கொண்டல் வந்தாள். காளையில் கஞ்சி. அட மக்கு டீச்சரே! கொண்டல் வந்தால் நல்ல உறக்கம். சிவப்பு மையால் ஆயிரம் பிள்ளைகளுக்கு லகர ளகரம் திருத்தியவள், இந்த ஒரு எழுத்தில் ஒரு மனிதனுக்குக் குடும்பமே கட்டிவைத்துவிட்டேன். கொண்டலுக்குக் கடல் வாசம், கச்சானுக்குக் காட்டு வாசம், மாமாவிடம் சொல்லு.

"யாருக்கா மாமா?" என்றார் சேசு.

"தோணித் தண்டல்."

"அப்படின்னா அவுகளுக்கு வெளங்கிருக்கும். கடல் கெழக்க, காடு மேக்க. அப்படி ஒரு கரையில இருக்கேன்னு சொல்லுதாரு."

மலாயாவின் கிழக்குக் கரை! ஊர்ப் பெயர் எழுதக் கூடாது என்ற உத்தரவை மீறாமல், காற்றை வைத்தே தன் இடத்தை எழுதியிருக்கிறார். பட்டாளத்து அதிகாரி படித்தாலும் ஒன்றும் விளங்காது, ஒரு தண்டலுக்கு மட்டும் விளங்கும். அந்த அதிகாரியைப் போலவே நானும் அந்தத் தேர்வில் தோற்றேன்.

கடைசி வரிக்கு வந்தேன். பிள்ளை பிறந்தாள் இல்லை, பிறந்தால். கொண்டல் பக்கம் தொட்டில் கட்டி இல்லை. தேய்ந்துபோன எழுத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கட்டு. தொட்டில் கட்டு. அழுதுவிட்டேன். சேசு சங்கடப்பட்டு மறுபடி கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.

"சுடலை, வண்டிய எடுங்க!"

வண்டி கிளம்பவில்லை. சுடலை உதைத்தார், தட்டினார், கெஞ்சினார், அது இருமியதோடு சரி. அந்தப் பக்கமாக மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு ஒரு மீன் வியாபாரி வந்தார். "டீச்சரக் கொண்டு விட்டுருங்கண்ணாச்சி" என்று சுடலை சொன்னதுதான் தாமதம், அவர் பெட்டியைப் பின்னால் தள்ளி எனக்கு ஒரு சாண் இடம் கொடுத்தார். ஈப்போவில் தலைக்கவசம் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகாதவள், முதுகில் ஐஸ் தண்ணீர் ஒழுக, கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தூத்துக்குடி வீதியில் பறந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எந்த வண்டியிலும் போனதில்லை.

பிலோமினா வீட்டு வாசலில் இறங்கியதும் தடை நினைவு வந்தது. கடிதம் உள்ளே போகக் கூடாது. சரி, உத்தரவை மீறாமல் சொல்ல எனக்கும் தெரியும். தெருவிலேயே நின்று, வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் கத்தினேன். "ராவில் கொண்டல் வந்தால் நல்ல உறக்கம்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ரெக்ஸ் ஓடிவந்தார், கையில் போனோடு. பின்னால் பிலோமினா.

"என்னளா சொல்லுத?"

வரி வரியாக வாசித்தேன். கடல் வாசம், காட்டு வாசம், மாமாவிடம் சொல்லு. "கொண்டல்னு எழுதியிருக்கார்மா. நான்தான் பொம்பளை பேருன்னு நினைச்சேன்."

பிலோமினா கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிலைப்படியில் சாய்ந்து சிரித்தார். "கூறுகெட்ட டீச்சரே! காத்தப் போயி பொம்பளயாக்கிட்டியேளா! இந்தப் பேர மொதல்லயே சொல்லிருந்தா இங்கன உள்ள கைப்புள்ள கூடச் சொல்லிருக்குமே!"

"நாசூக்குன்னு..." என்று இழுத்தேன்.

"ஒன் நாசூக்குல தீய வைக்க. அப்ப அந்தப் புள்ள? அது யாரு?"

கடைசி வரியை அவர் எழுதியபடியே வாசித்தேன். பிள்ளை பிறந்தாள் கொண்டல் பக்கம் தொட்டில் கட்டு.

சிரிப்பு நின்றுவிட்டது.

"பொறந்தாள்னா எழுதியிருக்காக?"

பிறந்தால் என்பதைத்தான் அவர் அப்படி எழுதியிருக்கிறார், ஆணா பெண்ணா என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்று விளக்க வாயைத் திறந்தேன். முப்பது வருஷப் பழக்கம் அது. மூடிக்கொண்டேன்.

"ஆமாம்மா. பிறந்தாள்னுதான் எழுதியிருக்கார்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்கம்மா இதப் பாக்காமலே அங்கனதான் கட்டிருப்பா. இந்த வீட்டுல வேற எங்கன காத்து வரும்?" பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தபடி, "வெயில்ல நிக்காதளா. உள்ள வா. அவுகளையும் கூட்டிட்டு வா" என்றார்.

ரெக்ஸ் அதற்குள் பூசைக்காகச் சாமியாருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்கு என்னையும் அழைத்துப்போனார்கள். இவ்வளவு கூட்டமும் பேச்சும் உள்ள கல்லறையை நான் பார்த்ததில்லை. எங்கு பார்த்தாலும் செவ்வந்தி, ஊதுவத்தி, பிள்ளைகளின் சத்தம். செலினின் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டிருந்தார்கள். இன்னாசிக்குக் கல்லறை இல்லை. அதனால் செலினுக்கு வலப்பக்கத்தில், கல்லிலேயே கொஞ்சம் இடம் ஒதுக்கி, ரெக்ஸ் ஒரு மெழுகுவத்தியை உருக்கி நிறுத்தினார். பிலோமினா தன் கையால் ஏற்றினார்.

கிழக்கிலிருந்து காற்று வந்தது. அணைந்துவிட்டது.

மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது. ரெக்ஸ் உள்ளங்கையைக் குவித்து மறைத்தார், நான் என் கைப்பையை வைத்துத் தடுத்தேன், பக்கத்துக் கல்லறைக்காரர் ஒரு தகரத்தைக் கொண்டுவந்தார். மூன்றாம் தடவையும் அது நிற்கவில்லை. எனக்கு மனசு தாளவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒரு மெழுகுவத்தி, அதுவும் எரிய மாட்டேன் என்கிறதே.

ரெக்ஸ் நாலாவது தீக்குச்சியை எடுத்தார். பிலோமினா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருடைய முகம் காற்று வரும் பக்கம் திரும்பியிருந்தது.

"விடு, போதும். கொண்டல் வந்துட்டுல்லா? அப்பா உறங்கட்டும்."